பொய்க்காயம் போடப் பழகுகிறவர்களுக்கு

காயம் போடப் பழக என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளை நான் உடனே மேக்கப் பெட்டியைத் திறக்க விடமாட்டேன். மொடலாக வந்தவரை ஜன்னலோரம் கதிரையில் இருத்தி, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். வெயில் பட்ட புறங்கை ஒரு நிறம், உள்முழங்கை இன்னொரு நிறம், சட்டைக்குள் மறைந்த தோள் வேறொரு நிறம். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, எங்கே முதலில் வியர்க்கிறது, பழைய தழும்பு ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய தழும்பு இருந்தால் நல்லது. ஆறின காயம் இந்தத் தோலில் என்ன நிறமாகிறது என்பதை அது அப்படியே காட்டிவிடும்.

மட்டக்களப்புக் கல்லடியில் மணப்பெண் அலங்காரம் செய்வதுதான் என் தொழில். குறும்படம் எடுக்கும் தம்பிமார் கேட்டு வந்தபோது இந்தப் பக்கம் இறங்கினேன். இப்போது நாடகம் போடும் பிள்ளைகளும் வருகிறார்கள், முதலுதவி பழக்குகிறவர்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் வாயால் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

வீடியோ பார்த்துப் பழகி வரும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது நிறத்தில்தான். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அங்கே ஒரு அடி பட்டால் சுற்றிவரச் சிவக்கும், அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம்முடைய தோலில் வீக்கமும் சூடும் இருந்தாலும் அது மண்ணிறத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டு, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதே சிவப்பை எடுத்து நம் கையில் தடவினால் குங்குமம் கொட்டியது போலத்தான் இருக்கும். இன்னொரு விஷயம், தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது இருப்பது மேல்தோலில் மட்டும். மேல்தோல் உரிந்து போனால் உள்ளே எல்லோருக்கும் இளஞ்சிவப்புத்தான். ஆகவே உராய்வுக் காயமும் தீக்காயமும் நம் தோலில் வெள்ளைத் தோலைவிடக் கூடுதலாகத் துலங்கும். கன்றின இடம் குறைவாகத் துலங்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை சரி.

அடுத்தது, மொடலோடு கதைப்பது. இதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது. பலூன் ஊதினால் உதடு தடிக்குமா, றப்பர் கையுறை போட்டால் அரிக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் லேற்றெக்ஸ், அதாவது தோலில் பூசிக் காயவிடும் திரவ றப்பர், அதன் பக்கமே போக வேண்டாம். வாழைப்பழம், பப்பாசி, அவகாடோ சாப்பிட்டு வாய் அரிக்கிறவர்களுக்கும் லேற்றெக்ஸ் ஒவ்வாமை இருக்க இடமுண்டு. ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், பாவிக்கப் போகும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து உள்முழங்கையில் பொட்டளவு தடவி, 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். மெழுகு, நிறம், லேற்றெக்ஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தடவினால் எது அரித்தது என்று தெரியாது. தள்ளித் தள்ளித் தடவி, பேனாவால் பக்கத்தில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சொறி, பரு, அன்று சவரம் செய்த முகம் இவற்றின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர் என்றால் லேற்றெக்ஸில் உள்ள அமோனியா மணம் ஆகாது.

கொப்புளம் செய்ய ஜெலற்றின் பாவிக்கிறீர்கள் என்றால் அது எதிலிருந்து எடுத்தது என்று பைக்கற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். மாட்டிலிருந்தும் எடுப்பார்கள், பன்றியிலிருந்தும் எடுப்பார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைக்கும் கொக்கட்டிச்சோலையிலிருந்து வரும் இந்துப் பிள்ளைக்கும் இதில் ஆளுக்கொரு மறுப்பு இருக்கும். தோலில்தானே பூசுகிறோம், சாப்பிடவா போகிறார்கள் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். அது அவருடைய தோல். ஹலால் அடையாளம் போட்ட பைக்கற்றும் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் மெழுகிலோ லேற்றெக்ஸிலோ அந்த வேலையைச் செய்யலாம்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. என்ன மாதிரிக் காயம் போடப் போகிறோம் என்று முதலே சொல்லி, "இது உங்களுக்கு ஓமா?" என்று கேளுங்கள். நம் ஊரில் காயம் பார்க்காத குடும்பம் குறைவு. 2009 வரை போர், 2004 மார்கழியில் சுனாமி, 2019 சித்திரையில் சீயோன் தேவாலயக் குண்டு. இளம் பிள்ளைதானே, இவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கக் கூடாது. அவருடைய அம்மாவோ மாமாவோ வீட்டில் சொன்னது இவருக்குள் இருக்கும். சிலர் எந்தக் காயமும் போட்டுக்கொள்வார்கள், சன்னம் துளைத்த காயம் மட்டும் வேண்டாம் என்பார்கள். சிலருக்கு வேலை நடக்கும்போது கண்ணாடி பார்க்கப் பிடிக்காது. காரணம் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை நடுவில் "அக்கா, போதும்" என்று சொன்னால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

சரி, பொருட்கள். ஆரம்பத்திலேயே விலை கூடிய பெட்டி தேவையில்லை. காயம் செய்யும் மெழுகு ஒரு டப்பா, தோலுக்கென்று செய்த திரவ லேற்றெக்ஸ் ஒரு சிறு போத்தல், கறுப்பு, ஊதா, சிவப்பு, கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, மண்ணிறம், கடுகு மஞ்சள் உள்ள ஒரு கிறீம் நிறத்தட்டு. இவை இருந்தால் நிறைய நாளைக்குப் பழகலாம். வசலின், கிளிசரின், பஞ்சு, ரிஷ்யூ எல்லாம் பாமசியில் இருக்கும். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ் ஒன்றை வாங்கி, வெட்டாமல் கையால் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிய்த்த ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பதால் நிறமும் ஒழுங்கில்லாமல் படும், அதுதான் நமக்கு வேண்டும். மெழுகு கிடைக்கவில்லையென்றால் கோதுமை மாவையும் வசலினையும் பிசைந்து பழகலாம். கொஞ்ச நேரத்தில் இளகிவிடும், ஆனாலும் ஓரம் மறைக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும்.

வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். துணிச்சாயம், போஸ்டர் வர்ணம், ஒட்டுப்பசை, சுப்பர் குளூ இவை ஒன்றும் தோலுக்கு ஆகாது. தோட்டத்தில் வடிக்கிற றப்பர்ப் பாலும் தோலுக்கென்று பக்குவம் செய்ததல்ல. பழைய கூத்துப் பெட்டிகளில் மஞ்சள் அரிதாரக் கல் கிடந்தால் எடுக்கவே வேண்டாம். அது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு.

காயத்தைத் தொடங்க முன் மூன்று கேள்விக்கு மறுமொழி எழுதிக்கொள்ளுங்கள். எது பட்டது? எந்தப் பக்கத்திலிருந்து பட்டது? எவ்வளவு நேரமாகிறது? இது தெரியாமல் போட்ட காயத்தில் வெறும் சிவப்புத்தான் இருக்கும். கத்தி பட்டால் ஓரம் நேராக இருக்கும். கல்லோ சுவரோ பட்டுப் புருவத்தில் தோல் பிளந்தால் ஓரம் கிழிசலாக இருக்கும். மோட்டார்சைக்கிளில் விழுந்தவருக்கு முழங்கையிலும் உள்ளங்கையிலும்தான் முதலில் படும், கீறல் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கும்.

மோட்டார்சைக்கிள் உராய்விலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் ஒன்றும் ஒட்டத் தேவையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, உரிந்த இடம் என்று நினைக்கும் பகுதியில் இளஞ்சிவப்பை மெல்லியதாக, திட்டுத் திட்டாக ஒற்றுங்கள். உள்தோல் தெரிகிறது என்று நம்ப வைப்பது இந்த நிறம்தான். அதன் மேல், பிய்த்த ஸ்பொஞ்சில் கருஞ்சிவப்பை எடுத்து, அதிகமானதை ரிஷ்யூவில் ஒற்றிவிட்டு, விழுந்த திசையில் ஒரே இழுவை. திருப்பித் திருப்பித் தேய்த்தால் குழம்பிவிடும். ஓரத்தில் மண்ணிறம் கொஞ்சம். கடைசியில் ஊசி முனையளவு இரத்தத் துளிகள் அங்கங்கே. மணலும் ஒட்டியிருக்க வேண்டும் என்றால் கடற்கரை மணலை நேரே எடுக்காமல், கழுவிக் காயவைத்ததை எடுங்கள்.

வெட்டுக்காயத்துக்கு மெழுகு. விரல் நுனியில் வசலின் தொட்டுக்கொண்டு, மெழுகை உருட்டி மெல்லிய திரியாக்கி, தோலில் வைத்து இரண்டு பக்கத்தையும் வெளிப்புறமாக நீவுங்கள். நடுவில் கொஞ்சம் மேடு, ஓரத்தில் ஒன்றுமே இல்லாத அளவுக்கு மெல்லிசு. ஓரம் மறைவதுதான் இந்த வேலையின் உயிர். பக்கத்திலிருந்து வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், நிழல் விழுந்தால் இன்னும் நீவ வேண்டும். அப்புறம் மெழுகின் மேல் லேற்றெக்ஸை மெல்லியதாக ஒற்றிக் காயவிடுங்கள், லேற்றெக்ஸ் ஆகாதவருக்கு மெழுகின் மேல் பூசி மூட இதற்கென்றே விற்கும் சீலர் இருக்கிறது. காய்ந்ததும் மொடலின் நிறத்துக்குப் பவுண்டேசனை ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஒரே பவுண்டேசன் போதாது. தோலில் இரண்டு மூன்று நிறம் இருப்பதைத்தான் முதலில் பார்த்தோம், அதே மாதிரி இரண்டு மூன்றைப் புள்ளி புள்ளியாகக் கலந்து ஒற்றினால்தான் மெழுகு தோலாகும்.

இனி மழுங்கின கத்தியாலோ ஐஸ்கிறீம் குச்சியாலோ நடுவில் பிளவு எடுங்கள். கூர்மையான எதையும் மொடலின் தோலுக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பிளவின் அடியில் கறுப்புக் கலந்த சிவப்பு, அதற்கு மேல் கருஞ்சிவப்பு, வாயோரத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பு. ஆழம் என்பது நிறத்தில் வருவது, எவ்வளவு கிண்டினாலும் மெழுகில் வராது. பவுடர் போடும்போது வெள்ளை பேபி பவுடரைத் தவிருங்கள், நம் தோலில் சாம்பல் பூத்துவிடும். மஞ்சள் கலந்த பவுடரை எடுங்கள்.

கன்றின காயம் எனக்குப் பிடித்தமான வேலை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அடிபட்டுத் தோலுக்கடியில் கசிந்த இரத்தம் நாளுக்கு நாள் உடைந்து நிறம் மாறுகிறது. முதலில் சிவப்பு, ஓரிரு நாளில் நீலமும் ஊதாவும், ஒரு கிழமை ஆகும்போது பச்சையும் மஞ்சளும், இரண்டு கிழமையளவில் மண்ணிறமாகி மறையும். நம் தோலில் முதல் நாள் சிவப்பு அநேகமாகத் தெரியாது, கறுத்த ஊதாவாகத்தான் தெரியும். பச்சையும் மஞ்சளும் அடங்கின நிறமாக, ஓரத்தில் மட்டும் தெரியும். ஆகவே கருஞ்சிவப்பும் ஊதாவும் முதலில், அதன் மேல் இருண்ட மண்ணிறம், பழைய காயம் என்றால் ஓரத்தில் கடுகு மஞ்சளில் துளி. எல்லாம் ஸ்பொஞ்சால் ஒற்றி, ஒற்றி, ஒற்றித்தான். வட்டமாக அழகாக வந்தால் கலைத்துவிடுங்கள்.

அது எங்கே வரும் என்பதும் முக்கியம். எலும்பு மேலெழும்பி நிற்கிற இடங்களில்தான் கூடுதலாகக் கன்றும், கன்னத்து எலும்பு, புருவம், முழங்கால், விரல் மொளி என்று. நெற்றியில் அடி வாங்கியவருக்கு அடுத்த நாள் கண்ணுக்குக் கீழே கறுக்கும், இரத்தம் கீழே இறங்குவதால். கதையில் மறுநாள் காட்சி இருந்தால் இதைக் காட்டுங்கள், பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாமலே நம்பிக்கை வரும். பிரம்பாலோ பொல்லாலோ அடித்தால் ஒரு கோடு விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு கோடு விழும், நடுவில் பட்ட இடம் வெளிறியிருக்கும், இரண்டு பக்கமும் கன்றியிருக்கும். அந்த நடு இடத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

தீக்காயத்துக்கு லேற்றெக்ஸும் ரிஷ்யூவும். கையில் மயிர் இருந்தால் வசலின் தடவிப் படியவைக்காமல் லேற்றெக்ஸ் போட வேண்டாம், எடுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். புருவம், இமை, கண்ணுக்குக் கிட்ட எப்போதும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, ஸ்பொஞ்சால் ஒரு மெல்லிய பூச்சு, அதன் மேல் ஒற்றையாகப் பிரித்த ரிஷ்யூவைக் கிழித்து ஒட்டி, மேலே இன்னொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் பால் நிறம் போய்த் தெளிந்த பிறகுதான் அடுத்தது. மூன்று நான்கு பூச்சு காய்ந்ததும் நடுவில் கிள்ளிக் கிழியுங்கள், உரிந்த தோல் மாதிரி ஓரம் சுருளும். உள்ளே இளஞ்சிவப்பும் சிவப்பும், சுருண்ட ஓரத்துக்கு மண்ணிறமும் கறுப்பும். கடைசியில் உள்ளே மட்டும் கிளிசரின் தொட்டு வைத்தால் நீர் கசிகிற மாதிரி மினுங்கும். வெளித்தோல் மினுங்கக் கூடாது.

கொப்புளத்துக்கு ஜெலற்றின். ஒரு மேசைக்கரண்டி ஜெலற்றின் தூளை அதே அளவு தண்ணீரில் ஊறவிட்டு, அதே அளவு கிளிசரின் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உருகினதும் உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். சூடான ஜெலற்றின் தோலில் ஒட்டிப்பிடித்து உண்மையிலேயே சுட்டுவிடும். இளஞ்சூட்டுக்கு வந்த பிறகுதான் மொடலுக்கு. துளித்துளியாக விட்டால் கொப்புளம் தானாக எழும்பும்.

ஆனால் நம் ஊர் வெயிலில் ஜெலற்றின் நிற்காது. வெளியில் படப்பிடிப்பு என்றால் வியர்வையில் ஓரம் கழன்று வழுக்கும். வீட்டுக்குள் ஃபானுக்குக் கீழே எடுக்கும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகும் இளகும், போடுவதற்கு முன் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் கொஞ்சம் தாங்கும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் லேற்றெக்ஸ் மளமளவென்று காய்ந்துவிடும், ஆனால் முகத்தில் புழுதி ஒட்டும். மாரியில் காயவே காயாது, முடி காயவைக்கும் கருவியைக் குளிர்காற்றில் வைத்துப் பிடியுங்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டிய வேலை என்றால் அற்ககோலில் கரையும் நிறத்தட்டுத்தான் சரி, வியர்வைக்கு அசையாது. விலை கூட, கண்ணுக்குக் கிட்டப் பாவிக்கக் கூடாது, எடுப்பதற்கும் அதற்கென்று உள்ள திரவம் வேண்டும். கை பழகின பிறகு வாங்குங்கள்.

இரத்தம் வீட்டில் காய்ச்சலாம். கெட்டியான சீனிப்பாகில் சிவப்பு உணவு நிறம், ஒரு சிட்டிகை கொக்கோ, ஊசி முனையில் நீலம். கித்துள் பாணி என்றால் அதுவே மண்ணிறம், கொக்கோ தேவையில்லை. வெள்ளை ரிஷ்யூவில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், பரவும் ஓரம் ரோஸ் நிறமாக இருந்தால் இன்னும் கறுக்க வேண்டும். புதிய இரத்தம் சிவந்து ஓடும், காய்ந்தது மண்ணிறமாகி வெடிக்கும். இரண்டையும் ஒரே காயத்தில் கலக்காதீர்கள். உடுப்பில் கறை படியும், எறும்பு வரும், வெளியில் வைத்தால் ஈயும் மொய்க்கும். வாய்க்குள் வைக்கும் இரத்தம் சாப்பாட்டுச் சாமான்களால் மட்டும், புதிதாகக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். ஓடும் இரத்தம் கீழ்நோக்கித்தான் ஓடும். படுத்திருப்பவர் கன்னத்தில் நாடிப் பக்கம் ஓடினால் பொருந்தாது, காதுப் பக்கம் ஓட வேண்டும்.

எங்கே நின்று பார்க்கப் போகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டக்களரி என்ற வட்ட மேடையில் இரவில் ஆடும் கூத்துக்கு, அதைப் பழக்கும் அண்ணாவிமார் முகத்தில் பெரிய நிறங்களைப் பூசியதற்குக் காரணம் உண்டு, தூரத்தில் பாயில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துப் பிள்ளைகள் மேடை நாடகத்துக்குக் காயம் கேட்டால் நானும் அப்படித்தான் போடுவேன், பெரிதாக, ஓரம் கறுத்து. கமெராவுக்கு அதே காயம் ஆகாது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஓரம் கூடத் தெரியும். போடும்போதே போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு போங்கள். முடிந்ததும் முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கும் அதே காட்சி தொடர்ந்தால் காயம் ஒரு விரல்கூட நகரக் கூடாது.

எடுக்கும் வேலை போடும் வேலையளவு பொறுமை கேட்கும். கிறீம் நிறத்துக்குத் தேங்காய் எண்ணெயே போதும். பஞ்சில் நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். லேற்றெக்ஸின் ஓரத்தில் எண்ணெயை விட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மயிர் படுத்த பக்கமாக மெல்ல உருட்டி எடுங்கள். இழுத்துப் பிய்க்கக் கூடாது. உணவு நிறத்தின் சாயம் ஒன்றிரண்டு நாள் நிற்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள், மறுநாள் கல்யாண வீடு இருந்தால் பாவம். ஸ்பொஞ்சை ஒருவருக்குப் பாவித்த பிறகு வீசிவிடுங்கள், பிறஷைக் கழுவி அற்ககோலில் துடையுங்கள். டப்பாவிலிருந்து நேரே தோலுக்குப் போகாமல் ஒரு தட்டில் எடுத்து வைத்துப் பாவியுங்கள்.

காயத்தோடு யாரையும் வீதிக்கு அனுப்பாதீர்கள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் துண்டால் மூடி, வாகனத்துக்குள் வைத்துக் கூட்டிப் போங்கள். பாலத்தில் நிற்கிற ஒரு வயதான அம்மா அதைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு முகத்துக்கு அச்செடுத்து, மூக்கு, நாடி என்று துண்டுகள் செய்து ஒட்டும் ஆசை வரும். வரட்டும். அமெரிக்க மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் (1922–2014) முழு முகத்துக்கும் ஒரே துண்டு போடாமல், ஒன்றின் மேல் ஒன்று படியும் பல துண்டுகளாகப் பிரித்து ஒட்டினார். அப்படிச் செய்தால்தான் நடிகர் சிரிக்கும்போதும் முகம் சுளிக்கும்போதும் மேக்கப்பும் கூடவே அசையும். தன் முறைகளை இளம் கலைஞர்களுக்கு ஒளிக்காமல் சொல்லியும் கொடுத்தார். நீங்களும் ஒரு சிறு துண்டிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அச்சுக்காகப் பரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஒஃப் பரிஸ்) நேரே தோலில் பூச வேண்டாம். அது இறுகும்போது சூடேறி 60 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடும், இறுகின பிறகு கழற்றவும் முடியாது. தோலுக்கென்று உள்ள அல்ஜினேற்றை (தண்ணீரில் கலந்தால் றப்பர் மாதிரி இறுகும் அச்சுத் தூள்) பாவித்து, மூக்குத் துவாரத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் இன்னொருவரை நிற்க வைத்துச் செய்யுங்கள். கண்ணும் வாயும் மூடியிருக்கும் மொடல் கையைத் தூக்கினால் உடனே கழற்றுவது என்று முதலே பேசி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.